கணக்குக்குப் பயந்து வந்தவர்களுக்கு

ஆண்டுதோறும் உளவியல் வகுப்பில் புள்ளியியல் தாளைத் தொடங்கும் நாளில் யாராவது ஒரு மாணவி எழுந்து கேட்டுவிடுவாள்: "கணக்கு வேணாம்னுதானே சார் சைக்காலஜி எடுத்தோம், இங்கேயும் எதுக்கு ஸ்டாட்ஸ்?" வகுப்பு முழுக்க அவளுக்குத் துணையாகத் தலையாட்டும். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அது அவளுடைய கேள்வி அல்ல. கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் மற்றவர்கள் அவள் காதில் போட்டது. "ஸ்டாட்ஸ் ஒரு பேப்பர்தான், அரியர் வைக்காம தாண்டிடு" என்று சீனியர் அக்கா சொல்லியிருப்பாள். "டேட்டாவை எடுத்துட்டு வா, எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர்ல போட்டுத் தர ஆள் இருக்கு" என்று ஆய்வு வழிகாட்டி சொல்லியிருப்பார். மனநல ஆலோசனையில் பெயரெடுத்த ஒருவர் விருந்தினராக வந்து, மனிதர்களை எண்களாகப் பார்க்காதீர்கள் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பார். இந்த மூவரோடுதான் எனக்கு வழக்கு.

மேடையில் பேசியவரின் கட்சிதான் மூன்றிலும் வலுவானது. உளவியலாளரின் வேலை ஒருவர் எதிரில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது. எதிரில் இருப்பவரைப் போல உலகத்தில் இன்னொருவர் இல்லை. சராசரி மனிதர் என்று ஒருவரை யாரும் எங்கும் சந்தித்ததில்லை. ஆகவே புள்ளியியல் என்பது இயற்பியலைப் பார்த்து உளவியல் போட்டுக்கொண்ட இரவல் சட்டை. அறிவியல் என்று பெயர் வாங்க அது உதவியது, நோயாளிக்கு உதவாது. இதைச் சொல்பவர்களில் பலர் நல்லவர்கள். நாளெல்லாம் பிறர் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவறுக்கான விலையை அவர்கள் கொடுப்பதில்லை, அவர்களைத் தேடி வருகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

இரவல் சட்டை என்பதே முதலில் உண்மையல்ல. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ஸ்பியர்மன் அந்த வேலையை விட்டுவிட்டு ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போய் உளவியலாளர் வுண்ட்டின் ஆய்வகத்தில் உளவியல் படித்தவர். 1904ல் அவர் இரண்டு கட்டுரைகள் எழுதினார். அவரை அரித்த கேள்வி இது: பிள்ளைகளின் அறிவைச் சோதனை வைத்து அளக்கிறோம். அந்த அளவிலேயே பிழை கலந்திருக்கிறது. பிழை கலந்த இரண்டு அளவுகளை ஒப்பிட்டால் அவற்றுக்கு இடையில் உண்மையாக உள்ள உறவு சிறுத்துத் தெரியும். எவ்வளவு சிறுக்கும்? அளவையின் நம்பகத்தன்மை என்றும், காரணிப் பகுப்பாய்வு என்றும் இன்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாடங்கள் இந்த ஒரு கவலையிலிருந்து முளைத்தவை. மேசையை அளப்பவருக்கு இவ்வளவு கவலை வராது. நாளை அளந்தாலும் மேசை அதே நீளம்தான். மனத்தை அளக்கப் போனவர்களுக்குத்தான், அதன் நழுவலைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்குத்தான், இந்தக் கருவிகள் தேவைப்பட்டன. மனிதரை எண்ணாகச் சுருக்குவதற்காக அவை பிறக்கவில்லை. ஒரு எண்ணை எந்த அளவுக்கு நம்பக்கூடாது என்று சொல்வதற்காகப் பிறந்தவை.

எங்கள் தேர்வுகளில் அளவீட்டின் திட்டப்பிழை என்ற தலைப்புக்கு இரண்டு மதிப்பெண். பெரும்பாலும் விருப்பத் தேர்வில் விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு மதிப்பெண் பாடத்தில் ஓர் உயிர் தொங்கியது.

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை விதிக்கக்கூடாது என்று 2002ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபாடு உண்டா இல்லையா என்பதை முடிவுசெய்யும் வழியை மாநிலங்களிடம் விட்டது. ஃப்ளோரிடா மாநிலம் 70ல் கோடு போட்டது. நுண்ணறிவு ஈவு 70க்கு மேலே இருந்தால், குறைபாட்டுக்கு வேறு என்ன சான்று இருந்தாலும் அதை நீதிமன்றம் பார்க்கவேண்டியதில்லை. ஃப்ரெடி லீ ஹால் என்ற மரண தண்டனைக் கைதி 71 எடுத்திருந்தார். கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 மே மாதம் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக வந்த தீர்ப்பு, ஃப்ளோரிடாவின் கோடு செல்லாது என்றது. காரணம் திட்டப்பிழை. 71 என்று தாளில் இருந்தால் அந்த மனிதரின் உண்மையான அளவு ஏறத்தாழ 66க்கும் 76க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். சோதனையை உருவாக்கியவர்களே ஒப்புக்கொள்ளும் இந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் ஒருவரைக் கொல்லக்கூடாது.

இந்த வழக்கில் மனிதரை எண்ணாகப் பார்த்தது யார்? புள்ளியியல் தெரியாத சட்டம். எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நீதிபதிகளுக்கு எடுத்துச் சொன்னது புள்ளியியல். மேடைப் பேச்சாளர் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்.

நம் ஊரில் இது தூக்குமேடை வரை போவதில்லை. ஆனால் மாற்றுத்திறனாளி சான்றுக்கு 40 சதவீதம் என்று ஒரு கோடு இருக்கிறது. அதை எட்டினால்தான் அரசு உதவிகள் பல கிடைக்கும். குழந்தையின் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். தாளில் 72 என்று இருக்கும், அடியில் ஒரு கையெழுத்து இருக்கும், அவ்வளவுதான். 72 என்பது ஒரு வீச்சின் நடுப்புள்ளி என்று அந்தத் தாயிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், சோதனை செய்தவருக்கு அவசரமாக இருந்திருக்கலாம், இன்னொரு நாள் 67 வந்திருக்கலாம். கையெழுத்துப் போட்டவர் முதுநிலைப் பட்டதாரி. திட்டப்பிழையை விருப்பத் தேர்வில் விட்டவர்.

அடுத்தது, நேரில் பார்க்கிறேனே, என் கண்முன்னால் குணமாகிறார்களே என்ற வாதம். ஆலோசகர்கள் உண்மையிலேயே நம்பிச் சொல்வது இது. உளவியலாளர் டேனியல் கானமன் 1960களில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். தண்டிப்பதைவிடப் பாராட்டுவதால்தான் கற்பவர் முன்னேறுவார் என்று அவர் சொன்னபோது மூத்த பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தார்: நன்றாகப் பறந்த பையனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான், இதை நான் ஆண்டுக்கணக்காகப் பார்க்கிறேன். அவர் பார்த்தது அத்தனையும் உண்மை. எடுத்த முடிவுதான் தவறு. வழக்கத்தைவிட மிக நன்றாகப் பறந்த நாளில் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த நாள் அந்த அதிர்ஷ்டம் கூட வராது. மிக மோசமான நாளுக்குப் பிறகும் இதே கதைதான், தலைகீழாக. பாராட்டினாலும் திட்டினாலும் சும்மா இருந்தாலும் அவன் தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருப்பான். சராசரிக்குத் திரும்புதல் என்று இதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே ஃபிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து கண்டறிந்தது.

இப்போது ஆலோசகரின் அறைக்கு வருவோம். மனிதர்கள் எப்போது ஆலோசகரைத் தேடி வருகிறார்கள்? வாழ்க்கையின் சாதாரண நாளில் அல்ல. தூக்கம் போய், சாப்பாடு போய், வீட்டில் எல்லோரும் பயந்துபோன நாளில் வருகிறார்கள். ஆறு வாரம் கழித்து அளந்தால் கொஞ்சம் தேறித்தான் இருப்பார்கள். அதில் எவ்வளவு ஆலோசனையால் வந்தது, எவ்வளவு தானாக வந்தது? ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஆனால் நம் கல்லூரிகளின் ஆய்வேட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். முப்பது பேருக்கு முன்சோதனை, எட்டு வாரம் யோகா அல்லது ஆலோசனை, பின்சோதனை, டி-டெஸ்ட், "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்". கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த முறைகள் பலன் தராதவை என்று நான் சொல்லவில்லை. பலன் தந்தனவா என்று அந்த ஏட்டை எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது என்கிறேன். பயன் தரும் சிகிச்சைக்கே இதனால் இழைக்கப்படும் அநீதியை நினைத்துப் பாருங்கள்.

கண்ணால் கண்டதை நம்புகிற சிகிச்சையாளருக்கு எதிராகப் பேசியவர்களில் முதன்மையானவர் சிகிச்சையாளர்தான். பால் மீல் நோயாளிகளைப் பார்த்துவந்தவர். தேர்ந்த சிகிச்சையாளரின் கணிப்பையும் எளிய சூத்திரத்தின் கணிப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 1954ல் ஒரு நூல் எழுதினார். சுமார் இருபது ஆய்வுகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் சூத்திரம் சிகிச்சையாளருக்குச் சமமாக இருந்தது, அல்லது விஞ்சியது. பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை. மீல் அதற்காக நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிடவில்லை. எதைத் தன் உள்ளுணர்வுக்கு விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்துக்கொண்டார்.

இனி ஆய்வு வழிகாட்டி. "போட்டுத் தர ஆள் இருக்கு" என்பது எவ்வளவு பெரிய கேடு என்று ஒரு வாய்மொழித் தேர்வில் எனக்குப் புரிந்தது. கல்லூரியின் பெயரும் மாணவியின் பெயரும் வேண்டாம். பன்னிரண்டு அளவைகள், முப்பது பேர். காசு வாங்கிக்கொண்டு யாரோ ஒருவர் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒட்டுறவு போட்டுக் கொடுத்திருந்தார். பன்னிரண்டுக்கு அறுபத்தாறு ஜோடிகள். அவற்றில் நான்கின் பக்கத்தில், குறிப்பிடத்தக்கது என்று காட்டும் நட்சத்திரக் குறி. அந்த நான்கை வைத்து அந்தப் பெண் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்பாடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிந்துரை. நல்ல நடை, உழைப்பு தெரிந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டுக்குள் எந்த உறவுமே இல்லாமல் இருந்தாலும், 0.05 என்ற அளவுகோலை அறுபத்தாறு முறை வீசினால் மூன்று நட்சத்திரமாவது சராசரியாக விழும். அவள் விளக்கம் எழுதியது பெரும்பாலும் வெறும் தற்செயலுக்கு. இதை அவளுக்கு இரண்டாண்டில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. மதிப்பெண் போட்டு அனுப்பினார்கள்.

பி மதிப்பு என்றால் என்ன என்று கேட்டால், 0.05க்குக் கீழே இருந்தால் நம் கருதுகோள் சரி என்கிறார்கள் மாணவர்கள். நன்கு படிக்கும் பிள்ளை, "இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க ஐந்து சதவீதமே வாய்ப்பு" என்கிறது. இரண்டும் தவறு. உறவோ வேறுபாடோ எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்போது கிடைத்த அளவுக்கு அல்லது அதைவிட விசித்திரமான முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே பி சொல்கிறது. கருதுகோளைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் ஹாலர், கிராஸ் என்ற இருவர் 2002ல் வெளியிட்ட ஆய்வில், பி மதிப்பைப் பற்றிய ஆறு வாக்கியங்களைக் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்டார்கள். ஆறுமே தவறு. உளவியல் மாணவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை; ஒன்றையாவது சரி என்றார்கள். ஆராய்ச்சி செய்யும் உளவியலாளர்களில் 90 சதவீதம் பேர் விழுந்தார்கள். அந்தப் பாடத்தையே நடத்தும் ஆசிரியர்களில் 80 சதவீதம்.

வகுப்பில் நான் இதற்கு நாணயம்தான் கொடுக்கிறேன். அறுபது பேர், ஆளுக்கு இருபது முறை பூவா தலையா. "தலை விழணும்னு மனசை ஒருமுகப்படுத்திச் சுண்டுங்க" என்பேன். ஒருவருக்கு 15 அல்லது அதற்கு மேல் தலை விழவோ, 5 அல்லது அதற்குக் கீழே விழவோ சுமார் 4 சதவீத வாய்ப்பு. அதாவது ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பேர் 0.05ஐத் தாண்டிவிடுவார்கள். பதினாறு தலை போட்ட பையனை வகுப்பே திரும்பிப் பார்க்கும். அவனுக்கே முகம் மாறிவிடும், ஒருவேளை தன்னிடம் ஏதோ இருக்கிறதோ என்று. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அறுபது பேரில் யாருக்கும் பி மதிப்பை நான் விளக்கவேண்டி வருவதில்லை. மற்ற ஐம்பத்தொன்பது பேரை மறைத்துவிட்டு அவனை மட்டும் கட்டுரையாக எழுதினால் என்ன ஆகும் என்று கேட்பேன்.

அது கற்பனை அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரல் பெம், வரப்போவதை மனித மனம் முன்கூட்டியே உணர்கிறது என்று 2011ல் துறையின் மதிப்பு மிக்க இதழில் எழுதினார். ஒன்பது சோதனைகள், ஆயிரம் பேருக்கு மேல், எட்டில் நட்சத்திரம். முதல் சோதனையில் திரைக்குப் பின்னால் படம் எந்தப் பக்கம் வரும் என்று ஊகிக்கச் சொன்னார். பாலுணர்வுப் படங்களுக்கு 50க்குப் பதில் 53.1 சதவீதம் சரியாக வந்தது. பெம் விசித்திரமான முறை எதையும் கையாளவில்லை. எல்லோரும் கையாளும் முறைதான். துறை அதிர்ந்ததே அதனால்தான். அதே ஆண்டு சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும், அந்த வழக்கமான முறைகளை வைத்தே, ஒரு பீட்டில்ஸ் பாடலைக் கேட்டவர்களுக்கு வயது சுமார் ஒன்றரை ஆண்டு குறைந்ததாக "நிரூபித்து"க் காட்டினார்கள். முடிவு வரும்வரை ஆட்களைச் சேர்ப்பது, பல அளவைகளில் வாய்த்ததை மட்டும் சொல்வது, ஒத்துவராத குழுவை விட்டுவிடுவது போன்ற நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், 5 சதவீதம் என்று நாம் நம்பும் தவறு 60 சதவீதத்தைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். 2015ல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் நட்சத்திரத்தோடு வந்தவை. மறுமுறையில் 36 சதவீதமே தேறின.

இதெல்லாம் ஆராய்ச்சியாளர் தலைவலி, நான் ஆலோசகராகப் போகிறேன், எனக்கு எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு நான் நிக் பிரவுனைப் பற்றிச் சொல்வேன். மகிழ்ச்சியான உணர்வுகள் துயர உணர்வுகளைப் போல 2.9013 மடங்கு இருந்தால் மனிதர் மலர்கிறார் என்று 2005ல் ஃபிரெட்ரிக்சனும் லொசாடாவும் எழுதினார்கள். பயிலரங்குகள், நிறுவனப் பயிற்சிகள், புத்தகங்கள் என்று அந்த எண் ஊரெங்கும் போனது. கட்டுரையை நூற்றுக்கணக்கானோர் மேற்கோள் காட்டினார்கள். பிரவுன் கணினித் துறையில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக உளவியல் முதுநிலை படிக்க வந்தவர். வகுப்பில் இந்த எண்ணைக் கேட்டதும் அவருக்கு உறுத்தியது. மனித உணர்வில் நான்கு தசம இடமா? இயற்பியலாளர் ஆலன் சோக்கலையும் ஹாரிஸ் ஃபிரீட்மனையும் சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். திரவ ஓட்டத்துக்கான சமன்பாடுகளை எந்த நியாயமும் இல்லாமல் உணர்வுகளின்மேல் பொருத்தியிருந்தார்கள். 2013ல் மறுப்பு அதே இதழில் வந்தது. கணித மாதிரி திரும்பப் பெறப்பட்டது. உறுத்தல் பிறந்தது ஒரு மாணவருக்கு, வகுப்பறையில். எட்டு ஆண்டுகள் அந்த எண்ணைப் பரப்பியவர்கள் பட்டம் பெற்றவர்கள்.

எதிர்க்கட்சிக்கு ஓர் உண்மையை நான் விட்டுக்கொடுத்தாக வேண்டும். சூத்திரம் தெரிந்தால் மட்டும் புத்தி வந்துவிடாது. நம் நாட்டு உளவியல், கல்வியியல் மாணவர்கள் தலைமுறைகளாகப் புரட்டிய புள்ளியியல் புத்தகம் ஹென்றி காரெட் எழுதியது. கொலம்பியாவில் பேராசிரியர், 1946ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர். அதே காரெட் 1952ல் வர்ஜீனியா நீதிமன்றத்தில், கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் வைப்பதற்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். அவரை மறுத்துச் சாட்சி சொன்ன மேமி கிளார்க் அவரிடமே முனைவர் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண். திட்டவிலக்கம் கணக்கிடும் முறையை அவ்வளவு தெளிவாக எழுதிய கைதான் அது. குழுக்களின் சராசரி வேறுபாட்டிலிருந்து எதை முடிவுசெய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது சூத்திரத்துக்குள் இல்லை. நாம் வகுப்பில் இன்றுவரை சூத்திரத்தை மட்டும் நடத்துகிறோம். மாணவர்களின் வெறுப்பில் பாதி நாங்கள் ஊட்டியது. இதை ஆசிரியனாக நான் மறுக்கமாட்டேன்.

அதற்காகத் தாளையே தாண்டிவிடு என்று சொல்லும் சீனியர் அக்காவின் யோசனையை ஏற்கமுடியாது. மாற்றவேண்டியது பாடம் நடத்தும் முறை. வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் வேலையைக் கணினிக்குக் கொடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பது பேர் போதுமா, எதற்குப் போதும் என்ற கேள்வியை மாணவருக்குக் கொடுங்கள். ஜேக்கப் கோஹன் 1962ல் ஒரு முன்னணி உளவியல் இதழைக் கணக்கெடுத்து, நடுத்தர அளவுள்ள ஒரு விளைவைக் கண்டுபிடிக்க அந்த ஆய்வுகளுக்கு ஏறத்தாழ பாதி வாய்ப்புதான் இருந்தது என்று காட்டினார். நாணயம் சுண்டுவதற்குச் சமம். அறுபது ஆண்டு கழித்தும் நம் ஆய்வேடுகளில் முப்பது பேர்தான். ஏன் முப்பது என்று கேட்டால், சீனியர் முப்பது எடுத்தார் என்கிறார்கள்.

இந்த ஆண்டு என் தாளில் முதல் கேள்வியை மாற்றிவிட்டேன். பத்து மதிப்பெண், கட்டாயம், விருப்பத் தேர்வு கிடையாது. ஒரு தாய் 72 என்று எழுதிய தாளோடு உங்கள் அறைக்கு வந்து, "என் பிள்ளைக்கு என்னம்மா?" என்று கேட்கிறார். திட்டப்பிழை என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் அவருக்குப் புரியும்படி பதில் எழுதுக. கால்குலேட்டர் கொண்டுவர வேண்டியதில்லை.